பூட்டி வைத்த பால்

பூட்டக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதையும் எங்கோ பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டாள் போலிருக்கிறது, அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. தொழுவத்துக்கு ஒரு பூட்டு, தவிட்டு டிரம்முக்கு ஒரு பூட்டு, தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஒரு சங்கிலிப் பூட்டு. ஒரு தடவை வீட்டு நாய் சாவி ஒன்றை விழுங்கிவிட்டது. அவள் நாயை அடிக்கவில்லை. “யாரு சொல்லிக் குடுத்து முழுங்கினே?” என்று மட்டும் கேட்டாள். சாவி வெளியே வரும்வரை அதன் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்தாள். அந்த நாய் அதன்பிறகு அவள் முன்னால் எதையும் நிம்மதியாகத் தின்றதில்லை. காலையில் எழுந்தால் சூரியனைக்கூட, நேற்று வந்ததுதானா இது என்று ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வாசலைப் பெருக்குவாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு, ஒரே அடுப்பு, பின்னால் ஒரே தொழுவம். பூட்டக்கா அண்ணன் பெண்டாட்டி. அவள் கணவர் புல் அறுப்பார், சாணி அள்ளுவார், பேச மட்டும் மாட்டார். வாயைத் திறந்தால் அதற்கும் கணக்குக் கேட்பாள் என்ற பயமோ என்னவோ. தம்பி டயர் கடையில் வேலை. அவன் பெண்டாட்டி வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பாள். பூட்டக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஓரகத்திக்கு ஒரே பெண்; சிட்டு என்று கூப்பிடுவார்கள். மழலையர் வகுப்பு. பிறந்த நாள் முதல் பெற்றவள் மடியில் இருந்ததைவிடப் பெரியம்மா இடுப்பில் இருந்ததுதான் அதிகம்.

உலகத்தில் பூட்டக்கா சந்தேகப்படாத உயிர்கள் இரண்டே இரண்டு. ஒன்று சிட்டு. இன்னொன்று சீமாட்டி.

சீமாட்டி கறுப்பு வெள்ளைப் பசு. நாலு மாடுகளில் அதுதான் நடக்கும்போதும் நின்று நிதானித்து, நீ யார் என்பதுபோலத் திரும்பிப் பார்க்கும். அதன் பாலைப் பூட்டக்கா மற்றதோடு கலப்பதில்லை. விடிகாலையில் கறந்தவுடன் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் முதல் பங்கை எடுத்து மூடிவிடுவாள். அது சிட்டுவுக்கு. மீதியும் மற்ற மாடுகளின் பாலும் கேனில் ஊற்றிப் பால் டிப்போவுக்குப் போகும். அங்கே பால் ஊற்றி முடித்தவுடன் கிளம்பிவிடுகிற ஆள் அல்ல அவள். சோதனைக் குழாயை ஆட்டுகிற மனிதரின் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு, தன் பால் குளிர்சாதனத் தொட்டிக்குள் விழும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கிளம்புவாள்.

அதற்குள் வீட்டில் அந்தத் தூக்குக்கு என்ன ஆகும்? யாராவது பாதியை ஊற்றிக்கொண்டு தண்ணீர் கலந்துவிட்டால்? முன்னறையில் குளிர்ப்பெட்டி இருந்தது. ஆனால் அது பொது. தையல்காரி திறப்பாள், சீருடை அளவு கொடுக்க வருகிற பெண்கள் தண்ணீர் குடிக்கத் திறப்பார்கள், டயர் கடைக்காரன் கறுத்த கையோடு திறப்பான். அதனால் தூக்கை நேராகத் தன் அறைக்குக் கொண்டுபோய், சமையலறைச் சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவாள். சாவி கழுத்துக் கயிற்றில் தொங்கும். மத்தியானம் சிட்டு பள்ளியிலிருந்து வந்ததும் பீரோவைத் திறந்து, தூக்கை எடுத்து, தானே அடுப்பில் ஏற்றி, மூன்று தடவை பொங்க விட்டு, ஆற்றிக் கொடுப்பாள்.

“எங்க வீட்ல பாலுக்குத் தனி பேங்க்கு இருக்கு” என்று ஓரகத்தி தையல் வாடிக்கையாளர்களிடம் சிரிப்பாள். பூட்டக்காவுக்குக் காதில் விழும். சிரிக்கிறவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிப்பாள்.

அந்த வெயில் காலத்தில்தான் சிட்டுவுக்கு வாந்தி ஆரம்பித்தது.

பால் குடித்துவிட்டு விளையாடப் போகும். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும். குடம் குடமாக எடுக்கும். சாயங்காலத்துக்குள் துவண்ட துணியாகப் படுத்துவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல நாயின் வாலைப் பிடித்து இழுக்கும். அஜீரணம் என்றார்கள், வெயில் என்றார்கள். இரண்டாம் தடவை வந்தபோது ஓரகத்தி, “அக்கா, பாலைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாமா?” என்றாள்.

பூட்டக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. பாலையா? மூன்று தடவை பொங்க வைத்த பாலையா? சீமாட்டியின் பாலையா?

அன்றைக்கு மிச்சம் இருந்த பாலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். லேசாக உப்புக் கரித்தது.

உப்பு. யாரோ உப்புப் போட்டிருக்கிறார்கள். முந்தின வாரம் ஒரு நாள் அடுப்பில் வைத்ததும் பால் திரிந்துபோனதும் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சமையலறையில் பிழிந்த எலுமிச்சைத் தோல் கிடந்ததே! அப்போது கோட்டை விட்டுவிட்டாளே!

மறுநாளே பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது. பால் உப்பாகவே இருந்தது. அடுத்த நாள் பீரோக் கதவின் இடுக்கில், தையல் கூடையிலிருந்து எடுத்த வெள்ளை நூல் ஒன்றை யாருக்கும் தெரியாமல் ஒட்டி வைத்தாள். மத்தியானம் வந்து பார்த்தால் நூல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பாலும் உப்பாகவே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பீரோவை யாரும் திறக்கவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். பூட்டக்கா அவ்வளவு அப்பாவி இல்லை. நூலைக் கண்டுபிடித்து, எடுத்து, காரியத்தை முடித்து, மறுபடி அப்படியே ஒட்டியிருக்கிறாள். நூல் பிடிக்கத் தெரிந்த கை இந்த வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?

பகலில் அந்த அறையில் கட்டிலில் சாய்கிறவர் கணவர். அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். “யாராவது வந்தாங்களா?” என்றாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். ஆட்டின வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பெற்றவள் எதற்குத் தன் பெண்ணின் பாலில் கை வைக்க வேண்டும்? இதற்கும் விடை தானாகவே வந்தது. இடையில் ஓரகத்தி சிட்டுவைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தாள். அங்கே வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை. திரும்பி வந்த இரண்டாம் நாளே சிட்டு படுத்துவிட்டது. ‘இந்த வீடு பிள்ளைக்கு ஆகவில்லை, பெரியம்மா பால் ஆகவில்லை’ என்று சொல்லித் தனிக்குடித்தனம் போகத்தான் இத்தனை நாடகம். பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறாள்!

அந்தத் தடவை வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, சின்னஞ்சிறு கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உணவு நஞ்சாகியிருக்கிறது, என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். இரண்டு ஓரகத்திகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் பூட்டக்கா நடு அறையில் நின்று போட்டு உடைத்தாள்.

“என் பால்ல உப்பைப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும்.”

“என்னக்கா சொல்றீங்க?”

“நூலைப் பிரிச்சு நூலை ஒட்டத் தெரிஞ்சவ யாரு? நீயே சொல்லு.”

ஓரகத்திக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. “நான் பெத்த பிள்ளைக்கு நானே விஷம் வைக்கிறேனா? பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டி, யாரும் பாக்காம எடுத்துக் காய்ச்சிக் குடுக்கிறது நீங்க. குடிச்சா வாந்தி எடுக்கிறது அவ. யாரைக்கா நான் சந்தேகப்படணும்?”

“என்னையா? என்னையா சொல்றே?”

“நான் சொல்லல. நீங்க ஆரம்பிச்சீங்க.”

தம்பி இருவருக்கும் நடுவில் புகுந்து, யார் பக்கமும் பேசாமல், யாருக்கும் உதவாமல் நின்றான். முடிவை அவன் பெண்டாட்டிதான் சொன்னாள். டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற வண்டி வரும்.

கட்டிலில் படுத்திருந்த சிட்டு கேட்டது: “பெரியம்மாவும் வண்டியில வருவாங்களா?”

ஓரகத்தி மூட்டை கட்ட எழுந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபித்தாக வேண்டும். கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிட்டால் தம்பிக்குப் புத்தி வரும், பிள்ளை வீட்டில் தங்கும். பூட்டக்கா மறுநாள் பீரோப் பாலை ஒரு பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றி, கள்ளக்கடத்தல்காரி போல டிப்போவுக்குக் கொண்டுபோனாள். சோதிக்கிற மனிதர் பார்த்துவிட்டு, “தண்ணி இல்லக்கா, உப்பு யாரும் போடல. ஆனா மாட்டு மடியை டாக்டரம்மாகிட்ட காட்டிடுங்க” என்றார்.

“மடிக்கு என்ன? மடி வீங்கல, சிவக்கல, மாடு உதைக்கல. நல்லா பளிங்காட்டம் இருக்கு.”

“காட்டிடுங்கக்கா.”

இவனுக்கும் ஓரகத்திக்கும் என்ன தொடர்பு என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். இவன் பையனின் சீருடை அவள்தானே தைத்தாள்! சரி, அப்படியென்றால் டாக்டரம்மாவையே வரவழைத்து, சீமாட்டி குற்றமற்றவள் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்துவிட்டால், பழி உப்புப் போட்டவள் மேல் தானே போய் உட்காரும்.

கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தாள். பூட்டக்கா தொழுவத்துப் பூட்டைத் திறந்து, கணவர், கொழுந்தன், ஓரகத்தி மூவரையும் வரிசையாக நிற்க வைத்தாள். சிட்டு நாயோடு வாசலில் நின்றது. சாட்சிகள் போதும்.

டாக்டரம்மா நாலு குழி உள்ள வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தாள். சீமாட்டியின் நாலு காம்பிலிருந்தும் குழிக்கு ஒன்றாகக் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி, அதில் ஊதா நிறத் திரவத்தை ஊற்றி, தட்டை மெல்லச் சுழற்றினாள். மூன்று குழிகளில் பால் தண்ணீராகச் சுழன்றது. நாலாவது குழியில் சுழலவில்லை. கொழகொழவென்று திரண்டு, மூக்குச்சளி போல ஒட்டிக்கொண்டு நின்றது.

“பின்பக்கம் வலது காம்பு” என்றாள் டாக்டரம்மா. “உள்ளே கிருமி இருக்கு. மடிநோய்.”

“அது என்ன தண்ணி நீங்க ஊத்தினது?” என்றாள் பூட்டக்கா உடனே.

“சோதனை மருந்தும்மா. சோப்பு மாதிரி ஒண்ணு.”

“சோப்பை ஊத்தினா எந்தப் பாலும் இப்படித்தான் ஆகும்.”

“மத்த மூணு ஆகலையே?”

“அந்த மூணுல கம்மியா ஊத்தினீங்களோ என்னவோ! நான் கடையில பாக்கெட் பால் வாங்கிட்டு வரேன், அதுல ஊத்திக் காட்டுங்க.”

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். டாக்டரம்மா சிரித்துவிட்டு, கொண்டு வரச் சொன்னாள். பூட்டக்கா தானே ஓடி, தானே வாங்கி, தானே பாக்கெட்டைக் கத்தரித்து, மருந்தின் அளவையும் குனிந்து பார்த்து ஊற்ற வைத்தாள். பாக்கெட் பால் தண்ணீராகச் சுழன்றது. சீமாட்டியின் நாலாவது காம்பு மறுபடியும் திரண்டது.

“மடி வீங்கவே இல்லையே” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

“எல்லா மடிநோயும் வீங்காதும்மா. வெளியே ஒண்ணும் தெரியாம உள்ளேயே இருக்கிறதும் உண்டு. பால் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். கொஞ்சம் உப்புக் கரிக்கும், அவ்வளவுதான்.”

உப்பு என்ற சொல் தொழுவத்தில் விழுந்து கிடந்தது. ஓரகத்தி அதைக் குனிந்து எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பூட்டக்காவையே பார்த்தாள்.

ஆனால் பூட்டக்காவிடம் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. “கிருமியே இருக்கட்டும். நான் மூணு தடவை பொங்க வைக்கிறேன். கிருமி சாகாதா?”

“சாகும். கறந்த உடனே காய்ச்சறீங்களா?”

“மத்தியானம் பிள்ளை வந்ததும்.”

“அதுவரைக்கும் பால் எங்கே இருக்கும்?”

இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தாள். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி, எல்லாரையும் அறைக்கு அழைத்துப்போய், பீரோவைத் திறந்து காட்டினாள். பூட்டைக் காட்டினாள். நூல் ஒட்டின இடத்தைக்கூடக் காட்டினாள். ஓர் ஈ எறும்பு நுழைய முடியாது என்றாள்.

டாக்டரம்மா பீரோவுக்குள் கையை விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“அடைகாக்கிற பெட்டி மாதிரி இருக்கேம்மா” என்றாள் மெதுவாக. “விடிகாலைலேந்து மத்தியானம் வரைக்கும் இந்தச் சூட்டுல பச்சைப் பால் இருந்தா, உள்ளே இருக்கிற கிருமி ஒண்ணு ஆயிரமாகும், ஆயிரம் லட்சமாகும். அதுல ஒரு ஜாதி பால்லயே விஷத்தைக் கக்கி வைக்கும். நீங்க காய்ச்சும்போது கிருமி செத்துப்போகும். அது கக்கின விஷம் சாகாது. எத்தனை தடவை பொங்க வச்சாலும் போகாது. குடிச்ச கொஞ்ச நேரத்துல வாந்தி. அதுவாத்தான் இருக்கணும்னு நினைக்கிறேன். டிப்போவுக்குப் போற பால் உடனே குளிர்ந்துடுது, அதனாலதான் அங்க பிரச்சினை வரல. ஃபிரிட்ஜ் இல்லையா வீட்ல?”

“இருக்கு” என்றாள் ஓரகத்தி. “ஆனா அது பொது.”

பூட்டக்கா வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு சந்தேகம் இன்னும் மிச்சம் இருக்கும் என்று தேடினாள். ஒரு கை, ஒரு கள்ளச்சாவி, ஒரு ஜன்னல். அப்போதுதான் அந்த வீட்டில் நடக்காதது நடந்தது. அவள் கணவர் பேசினார்.

“வேற யாரும் திறக்கல. நான் இங்கதான் படுத்திருக்கேன் தினமும். சாவி உன் கழுத்துலதானே இருந்துது.”

பூட்டக்கா பீரோக் கதவைச் சாத்தக் கையை நீட்டினாள்.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வலது கட்டைவிரல் கணுவில் ஒரு வெடிப்பு, அதன் நடுவில் சின்னதாகச் சீழ். கட்டைவிரலை உள்ளே மடக்கி, கணுவால் காம்பை அழுத்திக் கறப்பது அவள் வழக்கம். மாமியார் காலத்துப் பழக்கம். காம்புக்கும் அது ஆகாது, விரலுக்கும் ஆகாது.

“மாட்டுலேந்து கைக்கு வந்துதா, கையிலேந்து மாட்டுக்குப் போச்சா?” என்றாள் பூட்டக்கா. துப்புத் துலக்குகிற பழக்கம் அந்த நேரத்திலும் போகவில்லை.

“சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க.”

அவள் தன் கட்டைவிரலை நீட்டி வெளிச்சத்தில் பார்த்தாள். வீட்டில் இருந்த எல்லாரையும் சந்தேகப்பட்டிருந்தாள், நாயைக்கூட. இந்தத் தடியனை மட்டும் கையோடு வைத்துக்கொண்டே அலைந்திருக்கிறாள்.

டாக்டரம்மா காம்புக்குள் ஏற்றுகிற மருந்துக் குழாய்களைக் கொடுத்தாள். விரலுக்கும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். அதுவரை அவள் கறக்கக் கூடாது. சீமாட்டியைக் கடைசியாகத்தான் கறக்க வேண்டும், முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். மருந்து போடுகிற நாட்களிலும், முடிந்த பிறகு தான் வந்து பார்த்துச் சொல்லும்வரையிலும், சீமாட்டியின் பால் ஒரு சொட்டுக்கூட டிப்போவுக்கும் போகக் கூடாது, வீட்டுக்கும் ஆகக் கூடாது. கீழே கொட்டிவிட வேண்டும்.

“மருந்து பால்ல இறங்கும். அதைக் குடிக்கிறவங்களுக்கு நாளைக்கு உண்மையா நோய் வந்தா, அதே மருந்து வேலை செய்யாம போகலாம். யாரும் பாக்கலன்னு கேன்ல ஊத்திடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

அன்று இரவு முன்னறையில் மூட்டைகள் கட்டியபடி கிடந்தன. பூட்டக்கா ஓரகத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கணவர் நாலு விரலையும் சேர்த்து, முழுக்கையால், மனைவி ஓரமாக நின்று ஏவ ஏவ, மற்ற மாடுகளைக் கறந்து முடித்து, கடைசியில் சீமாட்டியிடம் உட்கார்ந்தார். பாத்திரம் நிறைந்தது. பூட்டக்கா அதைத் தூக்கிக்கொண்டு சாணக் குழிப்பக்கம் போனாள். பிறகு நின்றாள். திரும்பி வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, இங்க கொஞ்சம் வா.”

ஓரகத்தி பின்வாசலில் வந்து நின்றாள். “என்ன?”

“கொட்டப் போறேன். வந்து பாரு.”

“நான் எதுக்கு? நீங்களே கொட்டுங்க.”

“நீ பாக்காம நான் கொட்டினா, கொட்டினேன்னு நீ எப்படி நம்புவே? நான் கேன்ல ஊத்திட்டேன்னு நினைச்சுட்டா?” பாத்திரத்தை ஓரகத்தி பக்கம் நீட்டிக் காட்டினாள். “நான் சொல்றதை நம்பாதே. வந்து பக்கத்துல நின்னு பாரு. நானா இருந்தா நம்ப மாட்டேன்.”

ஓரகத்தி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பூட்டக்கா பாத்திரத்தைச் சாய்த்தாள். வெள்ளை வெளேரென்று சீமாட்டியின் பால் சாணத்தில் இறங்கி மறைந்தது. அடியில் தங்கிய சொட்டையும் ஓரகத்தி விடவில்லை. “அது என்ன இன்னும் கொஞ்சம் இருக்கு?” என்றாள். பூட்டக்கா கவிழ்த்துத் தட்டினாள்.

“வண்டி எத்தனை மணிக்கு வருது?” என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நாளைக்கு வரச் சொல்லிட்டேன்.”

“நாளைக்கா?”

“ஆமா. நாளைக்கும் நீங்க சரியா கொட்டறீங்களான்னு பாக்கணும். பாத்துட்டு, வண்டியை அதுக்கு மறுநாள் வரச் சொல்லலாமான்னு யோசிப்பேன்.” பிறகு கையை நீட்டினாள். “அந்தச் சாவியைக் குடுங்க. இனிமே பிள்ளை பாலை மத்த மாட்டுலேந்து எடுத்து, கறந்ததும் நான் காய்ச்சுவேன். ஃபிரிட்ஜ்ல நான் வைப்பேன். நீங்க பக்கத்துல நின்னு வேணும்னா பாத்துக்கோங்க.”

பூட்டக்கா கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கியது என்பது உண்மைதான். பல வருடப் பழக்கம்.

வாசலில் சிட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. பெரியம்மா இடுப்பில் தூக்க வந்ததும், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கியது.

“கை கழுவினீங்களா?”

“கழுவினேன்டி கண்ணு.”

“காட்டுங்க. பொய் சொல்றீங்களோன்னு பாக்கணும்.”

பூட்டக்கா இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். சிட்டு ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தது, முகர்ந்து பார்த்தது, கட்டுப் போட்ட கட்டைவிரலிடம் வந்ததும் அதை வெகு நேரம் நம்பாமல் பார்த்தது. பின்னால் நின்ற ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று பூட்டக்கா அன்றைக்கு யோசிக்கவில்லை. பிள்ளை தன்னைப் போலவே வளர்கிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

வண்டிக்காரரை ஓரகத்தி மறுநாளும் மறுநாளைக்குத்தான் வரச் சொன்னாள்.